மேடேறிய துப்பாக்கி

வெர்மாண்ட் மாநிலத்தில் வெஸ்ட் ஹார்லோ என்று ஓர் ஊர். மார்ச் மாதம் முதல் செவ்வாய்க்கிழமை அங்கே ஊர்க்கூட்டம் கூடும். அன்றைக்குக் கூட்டத்துக்கு வராதவரைப் போலீஸ்காரராகத் தேர்ந்தெடுப்பது அந்த ஊர் வழக்கம். பத்து வருஷத்துக்கு முன்னால் ஓரின் டட்டனுக்கு அந்தச் செவ்வாய்க்கிழமை பார்த்துக் கடைவாய்ப்பல் வலித்தது. பல்லைப் பிடுங்கிக்கொண்டு வாயில் பஞ்சோடு திரும்பியவரிடம், நூற்றுப் பன்னிரண்டு ஓட்டு வித்தியாசத்தில் அவர் ஜெயித்துவிட்டதாகச் சொன்னார்கள். வாயில் பஞ்சு இருந்ததால் மறுக்க முடியவில்லை. அடுத்த வருஷத்திலிருந்து தவறாமல் கூட்டத்துக்குப் போய் முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்தார். அனுபவசாலியை மாற்றக்கூடாது என்று அவரையே திரும்பத் திரும்பத் தேர்ந்தெடுத்தார்கள்.

மற்றபடி ஓரின், மரம் அறுக்கும் ரம்பத்துக்கும் புல்வெட்டும் எந்திரத்துக்கும் ரிப்பேர் பார்க்கிறவர். ஐம்பத்தெட்டு வயது. சாதுவான மனிதர். பத்து வருஷ உத்தியோகத்தில் ஒரே ஒரு தடவைதான் சுட்டிருக்கிறார். வெறி பிடித்த, ரக்கூன் என்கிற காட்டுப்பிராணி ஒன்று தபாலாபீஸ் வாசலில் உட்கார்ந்துகொண்டு ஒருத்தரையும் உள்ளே விடாமல் பண்ணியது. தன் சொந்தச் சின்னத் துப்பாக்கியால் சுட்டார். குறி தப்பியது. ரக்கூன் அவரைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, என்ன நினைத்ததோ, எழுந்து பக்கத்து ஊருக்குப் போய்விட்டது.

உண்மையில் அவர் வேலை அவருடைய வண்டியில் இருந்த சிவப்புப் பெட்டிதான். நின்றுபோன இதயத்தை அதிர்ச்சி கொடுத்து ஓட வைக்கும் பெட்டி. ஆம்புலன்ஸ் பக்கத்து ஊரிலிருந்து வர ஐம்பது நிமிஷம் ஆகும். அதுவரை அந்தப் பெட்டியும் ஓரினும்தான் ஊருக்கு டாக்டர். அந்தப் பெட்டி யாருக்காவது தேவைப்படும் என்றால், அது பிளம் மேட்டின் உச்சியில் தனியாக இருக்கும் லைமன் கோவுக்குத்தான் என்பது ஊருக்கே தெரியும். லைமன் மேப்பிள் மரத்துச் சாற்றைப் பாகாகக் காய்ச்சுகிறவர். வயது எழுபத்திரண்டு. இதயத்தில் இரண்டு அடைப்பு. ஓரினுக்கு முப்பது வருஷச் சிநேகிதர். வியாழக்கிழமைதோறும் சேர்ந்து சீட்டாடுவார்கள்.

பிளம் மேட்டில்தான் கோளாறு. ஊருக்குச் சொந்தமான போலீஸ் வண்டி பழைய வண்டி; பின்சக்கரத்தில் இழுப்பது. டயர்கள் வழித்துவிட்ட மாதிரி ஆகிவிட்டன. பனிக்காலத்தில் பாகு கொட்டகை வளைவு வரைக்கும் ஏறும். அங்கே ஒரு நிமிஷம் நின்ற இடத்திலேயே சக்கரம் சுற்றும். பிறகு வந்த வழியே, முகத்தை மேட்டுப் பக்கம் வைத்தபடியே, மரியாதையாகப் பின்னால் இறங்கிவிடும்.

எல்லோரையும் போல ஓரினும் டிக்கியில் எட்டு மணல் மூட்டை போட்டுப் பார்த்தார். வண்டி ஏறியது. ஆனால் மணல் சாலைத் துறையின் சொத்து என்று தணிக்கைக்காரர் கண்டுபிடித்துவிட்டதால், சாலைத் துறை மேஸ்திரி வந்து எட்டு மூட்டையையும் எண்ணி எடுத்துக்கொண்டு போனார். ஓரின் சொந்தக் காசில் மணல் வாங்கிப் போட்டார். தனியார் பொருளை ஊர் வண்டியில் வைத்தால் அது ஊருக்கு நன்கொடை. நன்கொடையை ஊர்க்கூட்டம் ஓட்டெடுத்து ஏற்றுக்கொள்ள வேண்டும். அதுவரை எடுங்கள் என்றார்கள். எடுத்தார். சொந்த பிக்கப்பில் போகலாமென்றால், சிவப்புப் பெட்டியைத் தனியார் வண்டியில் ஏற்றினால் காப்பீடு செல்லாது.

எனவே ஜனவரி மாதம் ஊர் மன்றத்துக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார்: 'போலீஸ் வண்டிக்கு நான்கு பனி டயர்.'

ஊர் மன்றத்தில் மூன்று பேர். தலைவர் தர்லோ கிம்பால். அவருக்கு நேர் எதிராகப் பேசுவதற்கென்றே ராய்ஸ் ஃபார். மூன்றாமவர் பெரும்பான்மையோடு ஒத்துப்போகிறவர். இரண்டு பேரும் மோதிக்கொண்டால் பெரும்பான்மை எது என்று தெரிகிற வரை தூங்குவார்.

பிப்ரவரியில் கூட்ட அறிவிப்பு அச்சாகி வீட்டுக்கு வந்தது. ஓரினின் மனைவி லவீனா அடுப்படியில் நின்றுகொண்டே படித்தாள்.

"ஏங்க, உங்களுக்கு என்னமோ வாங்கித் தரப் போறாங்களாம். பதினேழாவது தீர்மானம்."

"டயரா?"

"டயர் இல்ல. துப்பாக்கி."

"என்ன துப்பாக்கி?"

லவீனா கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு வாசித்தாள். "'போலீஸ்காரரின் உபயோகத்துக்காக, பிஸ்டனால் இயங்கும் செமி ஆட்டோமேட்டிக் துப்பாக்கி ஒன்றை, இரண்டாயிரத்து எழுநூறு டாலருக்கு மேற்படாமல் வாங்குவதா என்பதைத் தீர்மானிக்க.' யார்கூடவாவது சண்டைக்குப் போறீங்களா? எங்கிட்ட சொல்லவே இல்லையே."

ஓரின் கோட்டை மாட்டிக்கொண்டு தர்லோ வீட்டுக்கே போனார்.

"தர்லோ, நான் கேட்டது டயரு."

"தெரியும்ப்பா. டயருங்கிறது ரிப்பேர். ரிப்பேர் சாலைத் துறைக் கணக்குல வரும். சாலைத் துறைகிட்ட கேட்டேன். போலீஸ் வண்டி சாலைத் துறை வண்டி இல்லைன்னுட்டாங்க. நியாயம்தானே? அதனால டயருக்கு இடமில்ல. ஆனா உனக்குன்னு ஒரு தீர்மான நம்பர் ஒதுக்கியாச்சு. அதைச் சும்மா விட முடியுமா? துப்பாக்கி புதுச் சாமான். புதுச் சாமானுக்கு இடமிருக்கு."

"எனக்குத் துப்பாக்கி வேணாமே."

"வேணும்னு ஆசைப்படுறவன் கையிலதான் குடுக்கக்கூடாது" என்றார் தர்லோ, மிகுந்த மரியாதையோடு. "அந்த வகையில நீ ரொம்பப் பொருத்தம்."

ஊர்க்கூட்டத்தில் ஒரு விதி உண்டு. அறிவிப்பில் அச்சாகாத விஷயத்தை அங்கே பேசக்கூடாது. விதியைக் காப்பாற்றுவதற்கு ஒரு நடத்துநர் இருப்பார். முப்பது வருஷமாக அது வினிஃப்ரெட் லீச் அம்மாள். ஆப்பிள் கட்டையில் கடைந்த மரச்சுத்தியும், பக்கம் பக்கமாகச் சீட்டுச் செருகிய விதிப் புத்தகமும் அவர் முன்னால் இருக்கும். மூன்றாம் வகுப்பில் ஓரினுக்குப் பாடம் எடுத்தவரும் அவர்தான். ஐம்பது வருஷம் ஆகியும், அந்த அம்மாள் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தால் ஓரினுக்கு ஒன்றுக்கு வருவதுபோல் இருக்கும்.

பதினேழாவது தீர்மானம் வந்ததும் ஓரின் கை தூக்கினார்.

"தலைவரம்மா, டயர் வந்து..."

மரச்சுத்தி விழுந்தது. "டயர் அறிவிப்புல இல்ல. உட்காரு ஓரின்."

உட்கார்ந்தார்.

தர்லோ எழுந்தார். பொத்தானைப் போட்டுக்கொண்டு, ஊரையே ஒரு சுற்றுப் பார்த்தார்.

"இந்த ஊருல இதுவரைக்கும் எதுவும் நடந்ததில்ல. எல்லாரும் அதைச் சொல்லிப் பெருமைப்படுறீங்க. நான் அதை நினைச்சுத்தான் பயப்படுறேன். இருநூத்து முப்பது வருஷமா ஒண்ணுமே நடக்கலைன்னா, நடக்க வேண்டியதெல்லாம் எங்கேயோ சேர்ந்துகிட்டே இருக்குன்னு அர்த்தம். அது ஒருநாள் மொத்தமா வரும். வர்றப்ப நம்ம ஆளு கையில புகை பிடிச்ச துப்பாக்கி இருக்கக்கூடாது."

புகை விஷயத்தில்தான் ராய்ஸ் எழுந்தார். இந்த வகைத் துப்பாக்கியில் குண்டு போகும்போது பின்னால் வரும் வேகத்தைக் கொண்டே அடுத்த தோட்டா ஏறிக்கொள்ளும். அதில் இரண்டு மதம். ஒன்றில் அந்தப் புகையே குழாய் வழியாகத் திரும்பித் துப்பாக்கியின் வயிற்றுக்குள் வந்து வேலை செய்யும், வயிறு அழுக்காகும், விலை குறைவு. மற்றதில் புகை முன்னாலேயே நின்று ஒரு பிஸ்டனைத் தள்ளும். வயிறு சுத்தமாக இருக்கும். விலை இரண்டு மடங்குக்கு மேல். யானைக்கு எந்த நாமம் போடுவது என்று கோர்ட்டுக்குப் போனவர்கள் வெஸ்ட் ஹார்லோவுக்கு வந்திருந்தால், எங்கே பார்த்தாலும் சொந்தக்காரர்களாகத் தெரிந்திருப்பார்கள்.

"நான் துப்பாக்கிக்கு எதிரி கிடையாது" என்றார் ராய்ஸ். "என் வீட்டுல பத்தொம்போது இருக்கு. வீண் செலவுக்குத்தான் நான் எதிரி. எதுக்கு ஒரு பிஸ்டன் துப்பாக்கிக்கு இவ்வளவு குடுக்கணும்? அதே காசுல ரெண்டு குழாய்த் துப்பாக்கி வாங்கி, மிச்சம் பிடிக்கலாமே."

"நாந்தான் ஒண்ணே வேணாங்கிறேனே" என்று ஓரின் எழுந்தார்.

"தீர்மானத்தோட தொகையைத் திருத்தலாம். போலீஸ்காரரோட மனசைத் திருத்த முடியாது. உட்காரு ஓரின்" என்றார் வினிஃப்ரெட் அம்மாள்.

கடைசியில், ஊரில் எல்லா விவகாரத்துக்கும் நடப்பதே இதற்கும் நடந்தது. 'அந்த விலையுயர்ந்த துப்பாக்கி வாங்கத் தகுந்ததா' என்று ஆராய ஏழு பேர் கொண்ட குழு போட்டார்கள். ஓரினை அதில் சேர்க்கவில்லை. அவர் சம்பந்தப்பட்டவர் என்பதால் நடுநிலையாக இருக்க மாட்டாராம்.

குழு பதினான்கு தடவை கூடியது. ஒவ்வொரு தடவையும் ஊர்ப் பணத்தில் டோனட் வாங்கினார்கள். ஜூன் மாதம் சரளைக் குழியில் பரீட்சை வைத்தார்கள். தர்லோ தன் சொந்தப் பிஸ்டன் துப்பாக்கியைக் கொண்டுவந்தார். ராய்ஸ் தன் குழாய்த் துப்பாக்கியைக் கொண்டுவந்தார். ஆளுக்கு நானூறு குண்டு சுட்டார்கள். பிறகு தர்லோவின் மனைவியுடைய இரண்டு வெள்ளைக் கைக்குட்டைகளைத் துப்பாக்கிகளின் வயிற்றுக்குள் விட்டுத் துடைத்தார்கள். ஒன்று வெள்ளையாகவே வந்தது. ஒன்று கரிச்சட்டி துடைத்த மாதிரி வந்தது. இரண்டையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு, எண் கொடுத்து, ஊர் ஆவணப் பெட்டகத்தில் வைத்தார்கள்.

அந்தப் பனிக்காலத்தில் லைமன் கொட்டகை வாசலில் வழுக்கி விழுந்து கணுக்காலை உடைத்துக்கொண்டார். தகவல் வந்ததும் ஓரின் வண்டியை எடுத்தார். வண்டி வளைவு வரை போய்ச் சுற்றிவிட்டு மரியாதையாகப் பின்னால் இறங்கியது. சிவப்புப் பெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்து ஏறினார். நாற்பது நிமிஷம். போய்ச் சேர்ந்தபோது அவருக்குத்தான் அந்தப் பெட்டி தேவைப்படும்போல இருந்தது.

லைமன் பனியில் மல்லாந்து கிடந்தபடியே கேட்டார். "என்னடா, நடந்தா வந்தே?"

"ஆமாண்டா."

"கால் உடைஞ்சதால பொழைச்சேன். நெஞ்சு நின்னிருந்தா, நீ வந்து சேர்றதுக்குள்ள என் இழவுக்கு வந்தவங்க சாப்பிட்டுட்டுக் கையே கழுவியிருப்பாங்க."

ஓரின் அவர் தலைக்கடியில் தன் தொப்பியை வைத்தார். அன்றைக்கு இரவு சாப்பிடவில்லை. லவீனா கேட்டதற்கு, "அடுத்த தடவை காலா இருக்காது லவீனா" என்று மட்டும் சொன்னார்.

"அப்போ போய்ச் சண்டை போடுங்களேன்."

"யாரோட? எல்லாரும் எனக்கு உதவி பண்ணிக்கிட்டு இருக்காங்க."

இரண்டாவது மார்ச் வந்தது. டயர் சீட்டை இந்தத் தடவை மூன்று பிரதி எழுதிக் கொடுத்திருந்தார். மூன்றும் ஒரே விஷயத்தைச் சொல்வதால் ஒன்றாகக் கருதப்பட்டு, முன்பே நிராகரிக்கப்பட்டதோடு சேர்த்துக் கட்டிவைக்கப்பட்டன.

குழு அறிக்கை நாற்பத்தாறு பக்கம். கைக்குட்டைகளை வரிசை வரிசையாகக் கைமாற்றிக் காட்டினார்கள். சிலர் முகர்ந்தும் பார்த்தார்கள். கரிக் கைக்குட்டையைப் பார்த்து ஒரு பெண்மணி, "ஐயோ பாவம், நம்ம ஓரின் இதையெல்லாமா துவைப்பாரு" என்று உருகிவிட்டாள்.

ஓரின் கை தூக்கினார். அறிக்கை பற்றிய கேள்வி என்பதால் வினிஃப்ரெட் அம்மாள் அனுமதித்தார்.

"நானூறு குண்டு சுட்டாத்தான் இப்படி அழுக்காகும், இல்லியா?"

"ஆமா" என்றார் தர்லோ.

"நான் பதினோரு வருஷத்துல ஒரு குண்டு சுட்டிருக்கேன். அந்தக் கணக்குல நானூறு சுட எத்தனை வருஷம் ஆகும்?"

குழுச் செயலாளர் எழுந்து பென்சிலால் கணக்குப் போட்டார். "நாலாயிரத்து நானூறு வருஷம்."

சபை ஓரின் பக்கம் திரும்பியது. வழி பிறந்துவிட்டது என்று ஓரின் நினைத்தார்.

தர்லோ மெதுவாகத் தலையை ஆட்டினார். "பாத்துக்குங்க. நாலாயிரத்து நானூறு வருஷம் ஆனாலும் இந்தத் துப்பாக்கி சுத்தமா இருக்கும். டயர் இருக்குமா?"

கை தட்டினார்கள். தர்லோ டயரைப் பற்றிப் பேசலாமா என்று ஓரின் கேட்க நினைத்தார். அந்த அம்மாள் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்ததால் கேட்கவில்லை.

ராய்ஸ் பதில் பேச்சுக்காகப் பன்னிரண்டு தாளோடு எழுந்தார். அப்போது மணி பதினொன்று ஐம்பது. கீழ்த்தளத்திலிருந்து பீன்ஸ் வாசனை வந்தது. வெஸ்ட் ஹார்லோவில் ஊர்க்கூட்டத்துச் சாப்பாடு என்றால், விடிய விடிய அடுப்பில் வெந்த பீன்ஸ், பன்றித் தொடை, பழம் வைத்துச் சுட்ட 'பை' என்கிற பலகாரம் ஒன்பது வகை. பன்னிரண்டு மணிக்குப் பரிமாறுவார்கள். பதினொன்று ஐம்பதுக்குமேல் அந்த ஊரில் எந்தத் தீர்மானமும் தோற்றதில்லை. தோற்றால் திரும்ப எண்ணச் சொல்வார்கள். எண்ணினால் பீன்ஸ் ஆறிவிடும்.

"ஆதரிக்கிறவங்க?"

சபையே எழுந்தது. பாதிப் பேர் அப்படியே நடந்து படியிறங்கிவிட்டார்கள். ராய்ஸ் தன் தாள்களை மடித்து வைத்துக்கொண்டு, பை தீர்ந்துவிடப் போகிறதே என்று அவரும் இறங்கினார்.

துப்பாக்கி மே மாதம் வந்தது. கறுப்பாக, நல்ல லட்சணமாக இருந்தது. பிஸ்டனும் இருந்தது. தோட்டா இல்லை.

"தீர்மானத்துல துப்பாக்கின்னுதான் இருக்கு" என்றார் தர்லோ. "தோட்டா தனிச் சாமான். அடுத்த மார்ச்சுல அறிவிப்புல போட்டுடறேன்."

"உங்ககிட்ட இருக்கிறதுல நாலு குடுங்களேன்."

"நான் குடுத்தா அது நன்கொடை ஆயிடும்ப்பா. கூட்டம் ஏத்துக்கணுமே."

ஜூலையில் காப்பீட்டுக்காரர்களின் கடிதம் வந்தது. ஊருக்குச் சொந்தமான துப்பாக்கியை இரும்புப் பெட்டகத்தில் வைக்க வேண்டும். காப்பீடு கேட்பதைச் சட்டப்படி கேட்ட அன்றே வாங்கலாம்; அதற்குத் தீர்மானம் தேவையில்லை. டயரைக் காப்பீட்டுக்காரர்கள் கேட்டிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று ஓரின் ஏங்கினார். எழுதிக்கூடக் கேட்டார். டயர் சட்டவிரோதம் ஆவதற்கு இன்னும் கொஞ்சம் தேய்மானம் பாக்கியிருப்பதாகப் பதில் வந்தது.

பெட்டகம் முந்நூற்று நாற்பது பவுண்டு எடை. ஊர் அலுவலகத்தின் பழைய மரத் தரை அதைத் தாங்காது என்று குமாஸ்தா அம்மாள் கதவை மறித்துக்கொண்டு நின்றார். தவிர, பணி நேரத்தில் துப்பாக்கி போலீஸ்காரர் கைக்கு எட்டும்படி இருக்க வேண்டும் என்று இன்னொரு விதி இருந்தது. இரண்டு விதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில், பெட்டகத்துக்கு ஒரே ஓர் இடம்தான் மிஞ்சியது. போலீஸ் வண்டியின் டிக்கி. நான்கு பேர் தூக்கி வைத்து, எட்டு போல்ட் போட்டு முறுக்கினார்கள். வண்டியின் பின்பக்கம், பூசணிக்காயை விழுங்கிய நாய் மாதிரி தரையைப் பார்த்துத் தாழ்ந்தது.

"இதுக்கு மேல அந்த மேடு ஏறின மாதிரிதான்" என்றாள் லவீனா.

ஜனவரி. முந்தின நாள் மழை பெய்து, விழுந்த இடத்திலேயே உறைந்திருந்தது. ஊர் முழுக்கக் கண்ணாடி ஒட்டின மாதிரி. காலை ஒன்பது மணிக்கு ஃபோன் வந்தது.

"ஓரின்" என்றார் லைமன். "நாளைக்கு ஆட்டத்துக்கு வரல."

"என்னடா ஆச்சு?"

"நெஞ்சுமேல யாரோ உக்காந்திருக்காங்க. நல்ல கனமான ஆளு."

ஓரின் சாப்பிட்ட தட்டை அப்படியே விட்டுவிட்டு ஓடினார். மேட்டு அடிவாரத்தில் வண்டியை நிறுத்தி, நடக்கலாமா என்று ஒரு கணம் யோசித்தார். கண்ணாடித் தரையில் நடந்து நாற்பது நிமிஷத்தில் ஏற முடியாது. ஏறினாலும் நாற்பது நிமிஷத்துக்கு லைமன் இருக்க மாட்டார். வேறு வழியில்லாமல் வண்டியை விட்டார். கொட்டகை வளைவு வந்தது. கண்ணை மூடிக்கொள்ள நினைத்து, ஓட்டுகிறவர் மூடக்கூடாது என்பதால் மூடாமல் இருந்தார்.

வண்டி வழுக்கவில்லை. முந்நூற்று நாற்பது பவுண்டு இரும்பும் ஏழு பவுண்டுத் துப்பாக்கியும் பின்சக்கரத்தை ஐஸில் அழுத்திப் பிடித்துக்கொண்டன. முன்பக்கம் மட்டும் லேசாகி, ஸ்டீயரிங்கைத் திருப்பினால் யோசித்து யோசித்துத் திரும்பியது. ஒரு தடவை லைமனின் வேலியில் இரண்டு கம்பத்தைச் சாய்த்துவிட்டது. ஆனாலும் ஏறியது. எட்டே நிமிஷம்.

லைமன் சமையலறைத் தரையில் கிடந்தார். மூச்சு இல்லை. ஓரின் சட்டையைக் கிழித்து, பெட்டியைத் திறந்து, அது சொன்னபடியெல்லாம் செய்தார். முதல் அதிர்ச்சிக்கு ஒன்றுமில்லை. இரண்டாவது அதிர்ச்சிக்கு லைமனின் கட்டை விரல் அசைந்தது. அதற்கப்புறம் ஓரின் அடுப்பில் சாய்ந்து உட்கார்ந்து, இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகக் குலுங்கிக் குலுங்கி அழுதார்.

மூன்று நாள் கழித்து ஊர் மன்றத்திலிருந்து ஒரு படிவம் வந்தது. துப்பாக்கி வாங்கிய பிறகு ஒவ்வொரு சம்பவத்துக்கும் அதை நிரப்ப வேண்டும்.

'துப்பாக்கி சம்பவ இடத்தில் இருந்ததா?' இருந்தது.

'துப்பாக்கி சுடப்பட்டதா?' இல்லை.

'துப்பாக்கி இல்லாதிருந்தால் விளைவு என்னவாக இருந்திருக்கும்?'

ஓரின் பேனாவை மூடினார், திறந்தார். பொய் எழுதிப் பழக்கமில்லாத மனிதர். துப்பாக்கி இல்லாவிட்டால் பெட்டகம் இல்லை. பெட்டகம் இல்லாவிட்டால் எடை இல்லை. எடை இல்லாவிட்டால்... எழுதினார்: 'லைமன் கோ செத்திருப்பார்.'

எடை விஷயத்தை எழுத இடமில்லை. தனித்தாளில் எழுதி ஊசி குத்திக் கொடுத்தார். குமாஸ்தா அம்மாள் ஊசியைப் பிடுங்கித் தாளைத் திருப்பிக் கொடுத்தார். இணைப்புகள் ஏற்கப்படுவதில்லை.

மூன்றாவது மார்ச். மண்டபத்தில் உட்கார இடமில்லை. லைமனை முதல் வரிசையில் போர்வை சுற்றி உட்காரவைத்திருந்தார்கள். இருபத்திரண்டாவது தீர்மானம் வந்தது: 'முன்னதன் வெற்றியை முன்னிட்டு, அதே வகைத் துப்பாக்கி இன்னொன்றும், அதற்குரிய பெட்டகமும் வாங்குவதா என்பதைத் தீர்மானிக்க.' தோட்டாவைப் போட இந்தத் தடவையும் மறந்துவிட்டார்கள்.

தர்லோ படிவத்தைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தார்.

"வாங்கத் தகுந்ததான்னு கேட்டீங்க. இதோ, போலீஸ்காரரே கைப்பட எழுதியிருக்காரு. ஒரு குண்டுகூடச் சுடாம ஒரு உயிரைக் காப்பாத்தியிருக்கு. ஒரு குண்டு சுடாமலே இவ்வளவு செய்யுதுன்னா, இன்னொண்ணும் சேர்ந்து சுடாம இருந்தா என்னென்ன செய்யும்னு யோசிங்க."

ராய்ஸ் எழுந்தார். இந்த முறை அவரிடம் ஒரே தாள்தான் இருந்தது. "குழாய்த் துப்பாக்கியா இருந்திருந்தாலும் லைமன் பொழைச்சிருப்பாரு. பாதி விலைல பொழைச்சிருப்பாரு. என் கருத்து அவ்வளவுதான்." அந்த ஊரில் மூன்று வருஷத்தில் யாரும் அவ்வளவு சரியாகப் பேசியதில்லை. ஆனால் அது சரியாக இருந்ததற்குக் காரணம், ராய்ஸ் நினைத்த காரணம் இல்லை.

ஓரின் எழுந்தார். "தலைவரம்மா, அது துப்பாக்கி இல்ல. அந்தப் பெட்டகத்தோட எடை..."

மரச்சுத்தி விழுந்தது. "எடை அறிவிப்புல இல்ல. ஆனா கேள்வி கேட்கலாம். யாராவது போலீஸ்காரரைக் கேட்கணுமா?"

"நான் கேக்குறேன்" என்றார் தர்லோ. "ஓரின், ஒரே கேள்வி. வாங்கினது தகுமா, தகாதா?"

"அதை அப்படிச் சொல்ல முடியாது தர்லோ. மணல் மூட்டை எட்டு..."

"மணல் அறிவிப்புல இல்ல" என்றார் வினிஃப்ரெட் அம்மாள். "தகுமா தகாதாங்கிற கேள்விக்கு ரெண்டே பதில்தான். நீ மூணாவது ஒண்ணு சொல்லப் பாக்குறே. மூணாம் வகுப்புலயும் இப்படித்தான் செஞ்சே. தகும்னா தகும்னு சொல்லு. தகாதுன்னா தகாதுன்னு சொல்லு."

ஓரின் சுற்றிலும் பார்த்தார். முந்நூறு முகம். முதல் வரிசையில் போர்வைக்குள்ளிருந்து லைமனின் முகம். பாகு காய்ச்சிக் காய்ச்சிச் சிவந்த முகம், இப்போது கொஞ்சம் வெளிறி, ஆனாலும் மூச்சு விட்டுக்கொண்டிருந்த முகம். தகாது என்று சொல்லலாம். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது?

"தகும்" என்றார்.

கைதட்டலில் மண்டபத்து விளக்குச் சங்கிலி ஆடியது. குமாஸ்தா அம்மாள் எழுதிக்கொண்டார். கீழேயிருந்து பீன்ஸ் வாசனை வந்தது. மணி பதினொன்று ஐம்பத்தொன்று.

"எதிர்க்கிறவங்க?"

இதற்காகத்தான் ஓரின் வந்திருந்தார். தனியொரு ஆளாகவாவது எதிர்ப்பது என்று காலையில் சவரம் செய்யும்போதே முடிவு பண்ணியிருந்தார். கையை மடியிலிருந்து எடுத்தார். அப்போது அந்தப் பாழாய்ப்போன வளைவு மனசுக்குள் வந்தது. முன்பக்கம் லேசாகி, ஸ்டீயரிங் யோசித்து யோசித்துத் திரும்பியது. இரண்டு கம்பத்தோடு போயிற்று. கொஞ்சம் தள்ளிப் போயிருந்தால் பள்ளம். இன்னொரு முந்நூற்று நாற்பது பவுண்டு. முன்சீட்டில், தனக்குப் பக்கத்தில், எட்டு போல்ட் போட்டு. கணக்குப் போட்டுப் பார்த்தார். சரியாக வந்தது.

கை பாதியில் நின்றது.

"யாருமில்லை. ஆதரிக்கிறவங்க?"

சபை எழுந்தது. ஓரினின் கை, அவரைக் கேட்காமலே, முழுசாக மேலே போனது.

போர்வைக்குள்ளிருந்து லைமன் திரும்பிப் பார்த்தார். "டேய், நீயுமாடா?"

"பேசாம இருடா" என்றார் ஓரின், கையை இறக்காமல். "உன் மேட்டுல முன்சக்கரம் வழுக்குது."